உறிஞ்சும் மண்

வடசென்னையில் புளியந்தோப்பிலிருந்து கொசப்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். குயவர்கள் வாழ்ந்ததால் பெயர் பெற்ற பேட்டை அது. பொங்கலுக்குப் பானை, சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை என்று அங்கே களிமண்தான் பிழைப்பு. சட்டி வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நன்றாக வெந்த சட்டி. ஓசை அடங்கிப்போனால் எங்கோ விரிசல். மண்சட்டியைப் பற்றி இன்று நடக்கும் பேச்சையும் இப்படித் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தரப்பு அதைச் சர்வரோக நிவாரணி என்கிறது. இன்னொரு தரப்புக்கு அது காலாவதியான பண்டம். சட்டியின் குணத்தை முழுதாகப் பார்த்தால் இரண்டும் நிற்காது. மெருகுப் பூச்சு இல்லாத மண் உறிஞ்சும். அதன் நன்மையும் தீமையும் அந்த ஒரே குணத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் ஊர்ச் சூளைகளில் வெப்பம் பெரும்பாலும் 1,000 டிகிரி செல்சியஸைத் தொடுவதில்லை. அதனால் மண்துகள்கள் உருகிக் கண்ணாடிபோல் இறுகாமல், இடையிடையே நுண்துளைகள் தங்கிவிடுகின்றன. அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது, குடிதண்ணீர் குளிர்கிறது. துளைகள் நிறைந்த சுவரில் சூடு மெதுவாக ஏறி மெதுவாகவே இறங்கும். அடுப்பை அணைத்த பிறகும் நெத்திலிக் குழம்பு கொஞ்ச நேரம் கொதித்துக்கொண்டிருப்பது அதனால்தான். புளி வேறு இருக்கிறது. அது அலுமினியத்தை அரிக்கும். பித்தளையில் சமைக்க வெள்ளீயம் பூச வேண்டும். சுட்ட மண்ணைப் புளி ஒன்றும் செய்யாது. காசிமேட்டு மீனுக்கும் புளிக்கரைசலுக்கும் மண்சட்டியைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது.

ஆனால் வாங்கிய அன்றே சமைக்க முடியாது, சட்டியைப் பழக்க வேண்டும். ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அரிசி கழுவிய நீரையோ வடிகஞ்சியையோ ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவைப்பார்கள். கஞ்சியின் மாவுச்சத்து வெந்து பசையாகித் துளைகளை அடைக்கும். ஜப்பானியர்களும் டொனாபே என்னும் மண்சட்டியில் முதலில் அரிசிக் கஞ்சிதான் காய்ச்சுகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மெதொமே, அதாவது கண்ணடைப்பு. அரிசி உண்ணும் இரண்டு நாடுகள் ஒரே விடையை எட்டியிருக்கின்றன. அதே ஜப்பானில் ஒகயாமா மாவட்டத்தின் பிசென் கலங்கள் வேறு வகை. அவற்றுக்கும் மெருகுப் பூச்சு கிடையாது. ஆனால் பைன் விறகில் ஒரு வாரத்துக்கு மேலாக, 1,200 டிகிரிக்கும் கூடுதலாக வெந்து கல்லாக இறுகியவை அவை. உண்கலமாகவும் மதுக்கிண்ணமாகவும் உதவுமே தவிர, நேரடித் தீயைத் தாங்கா. நம் சட்டி அவற்றைவிட மென்மையானது, ஆனால் அடுப்பைத் தாங்குகிறது. மென்மை இங்கே குறையல்ல. சூட்டில் விரியவும் சுருங்கவும் அந்தத் துளைகளே இடம் தருகின்றன.

இனி குறைகள். உறிஞ்சும் மண் சோப்பையும் உறிஞ்சும். அடுத்த குழம்பில் அது வெளியே வரும். தேங்காய் நாரும் சாம்பலும், இல்லையென்றால் கடலைமாவும் வெந்நீரும்தான் சரி. மீன் சட்டியில் பால் காய்ச்ச முடியாது. ஈரத்தோடு கவிழ்த்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் காயவைக்கச் சொல்வது எளிது. வெயில் எட்டாத அடுக்குமாடி வீட்டில், கார்த்திகை மழையில், எங்கே காயவைப்பது? உருண்டை அடிச் சட்டி கேஸ் அடுப்பில் ஆடும், இறக்கி வைக்கப் பிரிமனை வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் சூடே ஏறாது. சிறுதீயில் நெடுநேரம் வைத்தால் எரிவாயுவும் கூடுதலாகச் செலவாகும். இத்தனை கவனமும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. பாரம்பரியத்தைப் போற்றுகிறவர்கள் இந்த உழைப்பையும் கணக்கில் எழுத வேண்டும்.

மண் காரத்தன்மை உள்ளது, உணவின் அமிலத்தைச் சமன்செய்து நோய் தீர்க்கும் என்கிறார்கள். அப்படியானால் புளிக்குழம்பு புளிக்கவே கூடாதே! மெருகுப் பூச்சில் கலக்கும் காரீயத்துக்குப் பூச்சில்லாத சட்டியில் இடமில்லை என்பது உண்மையான நன்மை. பளபளப்புக்காகப் பெயின்டும் வார்னிஷும் அடித்த சட்டியில் அந்த நம்பிக்கை செல்லாது. ஆலைக்கழிவு கலக்கும் நீர்நிலைகளுக்கு அருகில் வாழும் வடசென்னைக்காரர்கள், சட்டிக்கு மண் எந்த ஏரியிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தீட்டுப்பட்ட வெண்கலத்தைப் புளிபோட்டுத் தேய்த்தால் போதும், மண்கலத்தை உடைத்தெறிய வேண்டும் என்றது சாதியின் வழக்கம். உறிஞ்சும் குணத்தையே அது இழிவாக்கியது. மனுஸ்மிருதி ஒடுக்கப்பட்டவர்களுக்கு உடைந்த கலத்தில் உணவு என்று விதித்தது. எங்கள் பாட்டி தன் முதல் எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டி வைத்திருந்தார். அந்தக் குடம் பளபளத்தபோது அவர் மானமும் பளபளத்தது. அவரிடம் போய் மண்ணுக்குத் திரும்பச் சொல்வது அநியாயம். ஆனால் அதே பாட்டி மீன் குழம்பை மட்டும் கடைசிவரை சட்டியில்தான் வைத்தார். யாரும் விதித்து அல்ல, ருசி தெரிந்து.

அவர் செய்ததே என் முடிவும். சமையலறை முழுவதையும் மண்ணாக்க வேண்டாம். புளிக்குழம்புக்கென்று பழக்கிய ஒரு சட்டி, கோடைக்கு ஒரு தண்ணீர்ப் பானை, பேரம் பேசாமல் கொடுக்கும் நியாயமான விலை. மற்றதற்கு எவர்சில்வர் இருக்கட்டும். அடுத்த முறை கொசப்பேட்டையில் சட்டியைத் தட்டும்போது, அதன் ஓசையை நம்பி வாங்குங்கள், ஊர்ப்பேச்சை அல்ல.