தந்தம் பதித்த வீணை

திருவண்ணாமலைக் கோயில் மண்டபத்தில் வீணை கேட்க உட்கார்ந்தால், செவிக்கு முன்பே கண் தன் விருந்தைத் தொடங்கிவிடுகிறது. தஞ்சாவூர் வீணையின் பலாமரக் குடத்து விளிம்பில் பதித்த வெண்பட்டையையும், அதில் கீறிக் கருமை ஏற்றிய கொடிகளையும், தண்டியின் நுனியில் வளைந்து நிற்கும் யாளி முகத்தையும் பார்த்து, ராகத்தைக் கோட்டைவிடும் ரசிகர்களும் உண்டு. இப்படித் தந்தம் பதிக்கும் கலை வீணைக்கு மட்டும் உரியதல்ல: நூபிய தேசத்துக் கெர்மாவில், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், மரித்தோரைக் கிடத்திய கட்டிலின் கால்மாட்டுப் பலகையில், தந்தத்தை ஒட்டகச்சிவிங்கியாகவும் தீக்கோழியாகவும் வெட்டிப் பதித்தார்கள். அந்தச் சிற்பிகளின் கை மகோன்னதமானதுதான், எனினும் உயிருள்ளவர் மடியில் ஏறும் அலங்காரமே எனக்கு உவப்பு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வியாபாரத்தை நிறுத்தியபின், வீணையில் பிளாஸ்டிக் வந்து அமர்ந்திருக்கிறது. யானைக்கு க்ஷேமம், ஆனால் நாள்பட மஞ்சள் பூக்கும் அந்தப் பழைய சோபை பிளாஸ்டிக்குக்கு வாய்க்கவில்லை.