நரைக்கு ஏற்ற அரக்கு

சேலைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணியைத் தைக்காமல் சுற்றிக் கட்டுவதால், உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் அது இசைந்து கொடுக்கும். இருபதில் எடுத்ததை எழுபதிலும் கட்டலாம். அப்படியிருந்தும் வயது ஏற ஏறப் பெண்களின் பீரோ மாறத்தான் செய்கிறது. பெரும்பாலும் முதலில் மாறுவது நிறம். மாற வேண்டியதோ எடையும் கரையும் கட்டும் விதமும்.

“வயசானவங்களுக்கு, லைட் கலரா எடுத்துப் போடுங்க” என்பது எந்த ஜவுளிக்கடையிலும் கேட்கக் கூடிய பேச்சு. உடனே சந்தனமும் சாம்பலும் இளநீலமும் விரிப்பில் விழும். கைம்பெண்ணுக்கு நிறத்தை மறுத்த பழைய வழக்கத்தின் சாயல் இதில் கொஞ்சம் உண்டு. அதை ஒதுக்கிவிட்டு ரசனையாக மட்டும் எடைபோட்டாலும் இந்த விதி நிற்காது. இளமையில் கருங்கூந்தலே முகத்துக்குச் சட்டமாக இருப்பதால் வெளிர் நிறம் எடுபடுகிறது. நரைத்த பின் அந்தச் சட்டம் போய்விடும். வெளுத்த தலையோடு வெளுத்த சேலையும் சேர்ந்தால் முகம் களையிழந்துவிடும். அரக்கு, மயில்கழுத்து, கத்தரிப்பூ, பாக்கு நிறம் போன்ற ஆழ்ந்த சாயங்களுக்கு மேலேதான் நரை பளிச்சென்று தெரியும். ராணி ரோஸ், கிளிப்பச்சை வகைகளில் மட்டும் எச்சரிக்கை தேவை: அவற்றின் சாயல் முகத்தில் அடிக்கும் என்பதால் கரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கடுகு மஞ்சளிலும் செங்கல் சிவப்பிலும் கண்டாங்கி கட்டிய செட்டிநாட்டு ஆச்சிமார்களிடம் இந்த ‘லைட் கலர்’ விதியை யாரும் சொல்லவில்லை போலும்.

இதற்குப் பெரிய சான்று பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி (1916–2004). காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் அவருக்காக நெய்துகொடுத்த அழுத்தமான நீலம், அவர் பெயராலேயே ‘எம்.எஸ். புளூ’ என்று கடைகளில் இன்றும் கேட்கப்படுகிறது. அந்த நீலத்துக்கு எதிரே இரு பக்க வைர மூக்குத்தியும் தலையின் மல்லிகையும் எடுப்பாகத் தெரிந்தன. வேறு பகட்டுக்கு அங்கே இடமில்லை.

நிறம் தேர்வதில் கண்ணையும் கணக்கில் கொள்ள வேண்டும். வயதாகும்போது கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளடித்து, நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடும். கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது அதனால்தான். குழல்விளக்கின் கீழே முடிவு செய்யாமல், புடவையைக் கடை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது பழைய தலைமுறையின் பழக்கம். அது வீண் சந்தேகமல்ல.

அடுத்தது எடை. முறுக்கேற்றிய மல்பெரிப் பட்டோடு வெள்ளி இழை சுற்றிய ஜரிகையும் சேர்வதால், அகலக் கரை போட்ட காஞ்சிபுரம் தோளை இழுக்கும். கல்யாண மண்டபத்தில் நாலு மணி நேரம் அதைச் சுமப்பது எழுபது வயதில் தண்டனை. உயரமும் வயதோடு சற்றுக் குறைகிறது. அந்த நேரத்தில் முழங்கால் வரை ஏறும் பெருங்கரை ஆளை இன்னும் குள்ளமாகக் காட்டும். நாலு விரல் கரை போதும். ஆனால் அது கோர்வைக் கரையாக இருக்கட்டும். கோர்வையில் சேலையின் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு எனத் தறியில் மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். இரு நிறங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் அந்த எல்லையைக் கிட்டத்தில் பார்த்தால், சிறு சிறு பற்கள் வரிசை கட்டி நிற்பது தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் கோடுதான். கட்டியிருப்பவர் மடியில் கைவைக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். ஜரிகையின் பளபளப்பைக் குறைத்து இப்படிப்பட்ட நெசவு நுட்பத்துக்குக் காசு கொடுப்பதே முதிர்ந்த ரசனை. நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா கலைப்பள்ளியின் தறிகளிலிருந்து வந்த சேலைகள், நிற முரணாலேயே கரையை எடுப்பாக்க முடியும் என்று காட்டின.

அன்றாடத்துக்குப் பருத்திதான். மதுரைச் சுங்குடியில் துணியை நகத்தால் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்ததும் சாயம் ஏறாத புள்ளி நிற்கும். எடை குறைவு, காற்றோட்டம் உண்டு. கண்டாங்கி தடிமன்; பல முறை வெளுத்த பிறகே உடம்புக்கு ஒட்டும். கஞ்சி இலேசாகப் போதும். ஜார்ஜெட், கிரேப் ரகங்கள் வழுக்கும். கொசுவம் நழுவிக் காலில் மாட்டினால் விழுந்து எழுவது சுலபமில்லை.

கட்டும்போது கொசுவத்தில் இரண்டு மடிப்பைக் குறைத்து, அடி விளிம்பைக் கணுக்கால் மட்டத்தில் நிறுத்துவது வசதி. மடித்துக் குத்திய முந்தானையைவிட, ஒற்றையாகத் தொங்கவிட்டு முன்னால் இழுத்துக்கொள்ளும் முந்தானை முதுமைக்குக் கம்பீரம் தருகிறது. உள்பாவாடையின் நாடா இடுப்பை அறுக்கும். அகலப் பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

இந்த உடுப்பில் அளவெடுத்துத் தைப்பது ரவிக்கை ஒன்றுதான், அதனால் வயதை முதலில் காட்டிக்கொடுப்பதும் அதுதான். பத்து வருடத்துக்கு முந்தைய அளவு ரவிக்கையைத் தையற்காரரிடம் நீட்டுவதே பாதி அலங்கோலத்துக்குக் காரணம். தோள் இறங்கியிருக்கும், கை சதை தளர்ந்திருக்கும். புதிதாக அளவெடுத்து, முழங்கை வரை கை வைத்து, கொக்கியை முன்பக்கம் வைத்தால் தோள்வலிக்காரர்களும் தாமே போட்டுக்கொள்ளலாம். சேலையோடு வரும் துண்டையே தைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பட்டுக்குள் பருத்தி ரவிக்கை வியர்வைக்கு நல்லது. கரையின் நிறத்தில் எடுத்தால் பாந்தமாகவும் இருக்கும்.

கட்ட முடியாத பழைய கனத்த பட்டுகளை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மடிப்பு மாற்றி வைக்க வேண்டும். இல்லையேல் மடித்த கோட்டிலேயே ஜரிகை முறிந்து பட்டு கிழியும். உடல் நைந்து கரை மட்டும் உறுதியாக இருந்தால், கரையைப் பிரித்து எடை குறைந்த புதுப் பட்டில் வைத்துத் தைத்துத் தருபவர்கள் உண்டு. வெள்ளி விலைக்கு எடுத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. கோர்வைக் கரையை எடைக்குப் போடுவதற்கு முன் இந்தத் தையற்காரர்களை ஒருமுறை விசாரிக்கலாம்.