கணினி விளையாட்டில் கையறுநிலை

2016-இல் வெளிவந்த 'தட் டிராகன், கேன்சர்' என்னும் கணினி விளையாட்டு, புற்றுநோயால் 2014-இல் மாண்ட தம் மகன் ஜோயலை நினைந்து, ரயன் கிரீன், ஏமி கிரீன் என்னும் கிறித்தவப் பெற்றோர் முன்னின்று ஆக்கியதாகும். முயற்சிக்கு வெற்றி கூலியாகும் என்பது விளையாட்டுகளின் பொதுவிதி. ஈண்டு அவ்விதி பிறழ்கின்றது. மருத்துவமனையில் குழந்தை ஓயாது அழ, ஆடுவோர் எது செய்யினும் அழுகை நில்லாது. தந்தை இறைவனை வேண்டிய பின்னரே உறக்கம் வரும். இதுகொண்டு, வேண்டுதல் வென்றது எனத் துணிதல் பொருந்தாது. பின்னர்ப் பேராலயக் காட்சியில் வேண்டுதல் பல ஒலித்தும் குழந்தை மாள்கின்றது. அருள் கூலியன்று என்னும் கொள்கையை, ஆடுவோர் கையைச் செயலறச் செய்தே இவ்வாக்கம் உணர்த்துகின்றது என்போம். கையறுநிலை என நம் இலக்கணத்தார் கூறியது பாடுவோர் நிலையை. ஈண்டு அஃது ஆடுவோர்க்காயிற்று. மறுமையில் சிறுவன் மகிழ்ந்திருக்கும் இறுதிக் காட்சி அவலத்தைத் தளர்த்துகின்றது என யாமும் முதற்கண் கருதினோம். அதனை நீக்கின், எஞ்சுவது கையறுநிலையேயன்றிக் கிறித்தவ நம்பிக்கையன்று.