ஆறு வாரம், ஒரு சிவப்பு டப்பா

பத்து வருஷமாகத் தலையில் பூசிவந்த ஜெல்லை ஓரங்கட்டிவிட்டு, ஆறு வாரமாக பிரில்கிரீம் என்ற தலைமுடிக் கிரீமைத் தடவிக்கொண்டிருக்கிறேன். விலை, வாசனை, டப்பா எல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. நான் சொல்ல வந்தது ஒன்றைத்தான்: இது காய்வதே இல்லை.

ஜெல் போட்ட தலையில் மத்தியானம் சீப்பை வைத்தால் காய்ந்த ஜெல் மொடமொடவென்று முறியும். வெள்ளை வெள்ளையாகக் காலரில் உதிரும். பார்க்கிறவர்கள் பொடுகு என்பார்கள். இத்தனை வருஷம் அதை எப்படிப் பொறுத்தேனோ! பிரில்கிரீம் போட்ட தலையில் சாயங்காலம் ஆறு மணிக்கும் சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. துளி தண்ணீர் தொட்டு வாரினால் போதும், காலையில் எடுத்த வகிடு அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சூட்சுமம் கலவையில் இருக்கிறது. மினரல் ஆயிலும் தண்ணீரும் சேராது. தேன்மெழுகு போட்டுப் பிரியாமல் நிறுத்தியிருக்கிறார்கள். விரலில் எடுக்கும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் தேய்க்கத் தேய்க்க வெள்ளை மறைந்து மினுமினுப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீர் ஆவியாகிவிடும், எண்ணெய் முடியிலேயே தங்கும். அதுதான் காயாதே!

1928-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் கவுண்ட்டி கெமிக்கல்ஸ் உருவாக்கிய சரக்கு இது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்களுக்கு 'பிரில்கிரீம் பாய்ஸ்' என்றே பெயர். மற்ற படைக்காரர்கள் கேலியாக வைத்தது. போருக்குப் பிறகு விளம்பரத்தில் வந்தவர் டெனிஸ் காம்ப்டன். கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஆர்சனலுக்குக் கால்பந்து. 1947 சீசனில் மட்டும் 18 சதம், 3,816 ரன். நாளெல்லாம் மைதானத்தில் நிற்கிற மனுஷனின் தலையைக் காட்டி விற்றதுதான் சரியான விற்பனை. அறுபதுகளில் முடியை வளர்த்துத் தொங்கவிடும் மோகம் வந்தது, படிய வாரும் கிரீமுக்கு மவுசு குறைந்தது. 1997-ல் விளம்பரத்துக்குக் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமைப் பிடித்தார்கள்.

அளவு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஜெல் பழக்கத்தில் முதல் வாரம் இரண்டு விரல் நிறைய அள்ளினேன், தலை பிசுபிசுத்தது. இப்போது ஒரு நிலக்கடலை அளவுதான். அதையும் குளித்துத் துவட்டிய ஈரத்திலேயே தடவிவிடுகிறேன். காய்ந்த முடியில் சீராகப் பரவாது. தலையணை உறையில் அந்த முதல் வாரத்துக் கறை இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் ஏறவில்லை.