காட்சியும் கல்வியும்

மலாக்கா பண்டார் ஹிலிரிலுள்ள விடுதலைப் பிரகடன நினைவகம் இடத்தால் சிறந்தது. 1912-இல் எழுந்து, வெள்ளையர் கூடிக் களித்த மலாக்கா மன்றமே 1985-இல் நாட்டு விடுதலையின் நினைவகமாயிற்று. விடுதலை நாளைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரி 20-இல் அறிவித்ததும் அதன் எதிர்த்திடலிலேயாம். இப்பொருத்தம் பாராட்டத்தக்கதே.

எனினும், காட்சிக்கூடம் நிகழ்ச்சியைக் காட்டவல்லது. சட்டத்தைக் கற்பிக்க அது மட்டும் போதாது. குருபோங் முதலிய ஊர்களின் மாணவர் படத்தையும் பத்திரத்தையும் கண்டு மீள்வர். தம்மைக் காக்கும் விதி இன்னதென அறியார்.

அரசியலமைப்பின் 152ஆம் விதி மலாய்மொழியைத் தேசியமொழி ஆக்குகின்றது. பிறமொழி கற்பதையும் கற்பிப்பதையும் தடுத்தலாகாது என்பதும் அவ்விதியே. தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தொடுத்த வழக்கை 2021-இல் உயர்நீதிமன்றம் தள்ளியது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. இவ்வழக்கிலும் வாதத்தின் நடுவே நின்றது அவ்விதியே. தமிழ் வகுப்பில் அமரும் ஒவ்வொரு பிள்ளையும் அதன் நிழலில் அமர்கின்றது அன்றோ?

ஆகவே, நினைவகத்துக்கு அழைத்துச் செல்லுமுன் அவ்விதியை வகுப்பில் வாய்விட்டுப் படிப்பித்துப் பொருள் உணர்த்துதல் ஆசிரியர் கடன். படித்துச் செல்லும் பிள்ளைக்கே கண்ணாடிக்குள் இருக்கும் ஏடு தன்னுடையது என்று விளங்கும்.