ஆறு முகங்களும் ஓர் உத்தியோகமும்

ஒரு பாத்திரத்தைப் பல நடிகர் ஏற்று நடிப்பதும், அவருள் சிறந்தவர் யாரென இரசிகர் வாதிடுவதும் நாடகக்கலையோடு கூடப் பிறந்த வழக்கங்கள். ஹம்லெற் பாத்திரத்தில் 1948 இல் லோரன்ஸ் ஒலிவியர் திரையில் தோன்றினார். 1964 இல் சோவியத் இயக்குநர் கொசின்செவ்வின் படத்தில் ஸ்மொக்துனொவ்ஸ்கி அதே பாத்திரத்தை ஏற்றார். இவ்விருவரையும் ஒப்பிடுபவன் நடிகரை மாத்திரம் ஒப்பிடுவதில்லை. தன் மனத்துள்ளேயே தயங்கி நிற்கும் ஒருவனையும், சிறைக்கூடமாகிவிட்ட நாட்டை எதிர்த்து நிற்கும் ஒருவனையும் அவன் எடைபோடுகின்றான். பாத்திரத்தின் பொருள் யாது என்ற வினாவுக்கே அவன் விடை தேடுகின்றான்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகின் பல பாகங்களிலும் நடைபெற்றுவரும் மற்றுமோர் ஒப்பீட்டில் இந்த வினா மிக அரிதாகவே எழுகின்றது. ஜேம்ஸ் பொண்ட் என்னும் பிரித்தானிய ஒற்றனாகச் சிறப்புற நடித்தவர் யார், அவனைப் பற்றிய படங்களுள் சிறந்தது எது என்பதே அந்த ஒப்பீடு. 1962 முதல் 2021 வரை, ஒரே தயாரிப்பு நிறுவனம் இருபத்தைந்து படங்களை வெளியிட்டது. ஷோன் கொனறி ஆறு படங்களிலும், ஜோர்ஜ் லேசன்பி ஒன்றிலும், ரொஜர் மூர் ஏழிலும், திமோத்தி டால்ற்றன் இரண்டிலும், பியர்ஸ் புறொஸ்னன் நான்கிலும், டானியல் கிறெய்க் ஐந்திலும் நடித்தனர். கொனறியின் முரட்டுக் கம்பீரம், மூரின் நகைச்சுவை, மூலநூலுக்கு நெருங்கிய டால்ற்றனின் கடுமை, புறொஸ்னனின் நாகரிக மெருகு, கிறெய்க்கின் காயம்பட்ட உடல் என இரசிகர் தம் அளவுகோல்களை வகுத்து வைத்துள்ளனர்.

இவ்வாதங்களை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடும் படித்தோருடன் நாம் உடன்படவில்லை. இரசிகர் வாதத்தில் உண்மையான விமர்சனக் கூறுகள் உண்டு. விண்வெளிப் படமொன்று 1977 இல் ஈட்டிய பெருவெற்றியைக் கண்டு, திட்டமிட்டிருந்த கதையை ஒத்திவைத்துவிட்டு, 1979 இல் ‘மூன்றேக்கர்’ என்ற படத்தில் பொண்டையும் விண்ணுக்கு அனுப்பினர் தயாரிப்பாளர். அப்படத்தில் கதை பணத்தின் பின்னே ஓடுவதை இரசிகர் பலர் இனங்கண்டனர். லேசன்பி நடித்த 1969 ஆம் ஆண்டுப் படம் முதலில் ஏளனத்துக்கு உள்ளாயிற்று. பிற்காலத்தில், அப்படத்தின் இறுதியில் கொலையுண்ட மனைவியின் உடலை அணைத்தபடி நாயகன் நிலைகுலைந்திருக்கும் காட்சி, தொடரின் உயர்ந்த இடங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்டது. பளபளப்பை விலக்கி மனித உணர்ச்சியைத் தேடும் இந்த இரசனை மதிக்கத்தக்கதே. எனினும் அந்த இரசனை ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகின்றது. நடிகன் எவ்வாறு சுட்டான், எவ்வாறு சிரித்தான், எவ்வாறு அழுதான் என்பனவெல்லாம் ஆராயப்படுகின்றன. யாருக்காகச் சுட்டான் என்பது ஆராயப்படுவதில்லை.

பாத்திரத்தின் பிறப்பை நோக்குவோமாயின் இவ்வினாவின் அவசியம் புலனாகும். இரண்டாம் உலகப்போரின்போது பிரித்தானியக் கடற்படையின் உளவுப்பிரிவிற் பணியாற்றிய இயன் பிளெமிங், முதல் நாவலான ‘கசினோ றோயல்’ஐ 1953 ஏப்ரிலில் வெளியிட்டார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஈரானின் எண்ணெய் வளத்தை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாடெக்கின் ஆட்சியைப் பிரித்தானிய, அமெரிக்க உளவுத்துறைகள் கூட்டாகக் கவிழ்த்தன. அதே ஆண்டு ஒக்டோபரில், பிரித்தானிய கயானாவில் மக்கள் வாக்குகளால் பதவிக்கு வந்த செட்டி ஜகனின் ஆட்சி, படை அனுப்பிக் கலைக்கப்பட்டது. பிரித்தானிய இரகசியத் தொழிலின் மெய்யான வரலாறு இவ்வாறு நடந்துகொண்டிருக்க, புனைகதை ஒற்றனோ உலகை அழிக்க முனையும் பித்தர்களுடனும் கொடியவர்களுடனும் மாத்திரமே போரிட்டான். மக்கள் தேர்ந்தெடுத்த அரசொன்றைக் கவிழ்க்கும் வேலையை அவனுக்கு எவரும் கொடுக்கவில்லை. பொய் சொல்வதிலும் பார்க்க, சொல்லவேண்டியதைச் சொல்லாது விடுவதே இவ்வகைக் கலையின் பெருந்திறன்.

அத்துறையின் உள்வீடும் அந்நாளிற் சீராக இருக்கவில்லை. வெளிநாட்டமைச்சைச் சேர்ந்த பேர்ஜெஸ், மக்லீன் ஆகிய இருவர் 1951 இல் மொஸ்கோவுக்குத் தப்பிச் சென்றனர். உளவுத்துறையின் உயர்பதவியில் இருந்த கிம் பில்பி 1963 இல் அவர்களைப் பின்தொடர்ந்தார். 1956 இல் சுயெஸ் படையெடுப்பில் தோல்வியுற்று, உடல்நலமும் குன்றிய பிரதமர் ஈடன் ஓய்வு தேடிச் சென்ற இடம், ஜமெய்க்காவில் பிளெமிங் தம் நாவல்களை எழுதிய அதே வீடு என்பது வரலாறு செய்த கேலியாகும். உண்மை உலகில் இழந்ததை மீட்கும் வழியறியாத ஆளும் வர்க்கத்துக்கு, கற்பனையில் ஒருபோதும் தோற்காத ஊழியன் ஒருவன் தேவைப்பட்டான்.

முதற்படமாகிய ‘டொக்டர் நோ’ இத்தேவையை வெளிப்படையாகக் காட்டுகின்றது. 1962 இன் தொடக்கத்தில் ஜமெய்க்காவில் அது படமாக்கப்பட்டபோது அத்தீவு இன்னும் குடியேற்றநாடு. ஓகஸ்ட் 6 இல் ஜமெய்க்கா சுதந்திரம் பெற்றது. ஒக்டோபரில் படம் லண்டனில் திரையிடப்பட்டது. திரையில் வெள்ளை அதிகாரிகள் இன்னும் ஆட்சி செய்துகொண்டிருந்தனர். குவரல் என்னும் கறுப்பின மீனவன் பொண்டுக்குத் துணையாக வருகின்றான். கடலையும் தீவையும் நன்கறிந்தவன் அவன். ஆயினும் பொண்ட் அவனைத் தன் சப்பாத்தை எடுத்துவருமாறு ஏவுகின்றான். நெருப்புக் கக்கும் வண்டியொன்றைப் பூதமென அஞ்சிய அவன் அதனாலேயே எரிந்து மாள்கின்றான். படத்தின் முடிவில், அமெரிக்க இராக்கெற்றுகளைப் பிரித்தானிய ஒற்றன் காப்பாற்றுகின்றான். இரண்டு மாதங்களின் பின், 1962 டிசெம்பரில், பிரித்தானியப் பிரதமர் மக்மிலன் பகாமாஸ் தீவுகளுக்குச் சென்று, பொலாரிஸ் ஏவுகணைகளைத் தருமாறு ஜனாதிபதி கென்னடியைக் கேட்டு நின்றார். கொனறியின் நடையழகை மெச்சும் இரசிகர் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராயின், அந்நடைக்கு ஏன் அத்துணை மிடுக்குத் தேவைப்பட்டது என்பதை உணர்வர்.

இவ்வாறு நோக்குமிடத்து, ஆறு நடிகரும் ஆறு திறமைகள் மாத்திரமல்லர். ஒரே உத்தியோகத்துக்கு வெவ்வேறு காலங்களில் அணிவிக்கப்பட்ட ஆறு முகங்கள் எனவும் கொள்ளலாம். கொனறி எடின்பரோ நகரின் உழைக்கும் வர்க்கக் குடும்பத்திற் பிறந்தவர். பால் விநியோகித்தும் சவப்பெட்டிகளுக்கு மெருகேற்றியும் பிழைத்தவர். மேட்டுக்குடி ஒற்றன் வேடத்துக்கு அவர் ஏற்றவரோ எனப் பிளெமிங்கே முதலில் ஐயுற்றார். உழைப்பாளியின் தோளும் கனவானின் உடையும் ஒருங்கே அமைந்த அந்த உருவம், நுகர்பொருள்கள் பெருகிய அறுபதுகளில், எவரும் அத்தகைய வாழ்வை எட்டலாம் என்ற மயக்கத்தை விற்றது.

மூரின் காலம் 1973 இல் தொடங்குகின்றது. எண்ணெய் நெருக்கடி, சுரங்கத் தொழிலாளரின் போராட்டம், வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரம் தொழிற்சாலைகள் இயங்கிய 1974 இன் தொடக்கம் என்பன அக்காலத்தின் பின்னணி. தன் மகத்துவத்தைத் தானே நம்பவியலாத சாம்ராச்சிய எச்சம் அதனைப் பகிடியாக மாற்றிக்கொண்டது. அப்பகிடியின் விலையைக் கொடுத்தவர் யார்? 1983 இல் வெளியான ‘ஒக்டோபுசி’ படத்தின் ஒரு பகுதி இந்தியாவின் உதயப்பூரில் படமாக்கப்பட்டது. பாம்பாட்டி, ஆணிப்படுக்கைத் துறவி, வாள் விழுங்குபவன் ஆகியோர் நிறைந்த தெருவொன்றே இந்தியாவாக அதிற் காட்டப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜும் அதில் நடித்தார். அவருடைய பாத்திரமும் குவரலைப் போலவே பொண்டுக்கு உதவி செய்து உயிரிழக்கின்றது. முகம் மாறியபோதும், துணைவரும் சுதேசி மாளவேண்டும் என்ற விதி இருபது ஆண்டுகளாய் மாறவில்லை.

1987 இல் டால்ற்றன் ஆப்கானிஸ்தானத்துப் போராளிகளுடன் குதிரையேறினார். அப்போராளிகளுக்கு மேற்குலகு உண்மையிலேயே ஆயுதம் வழங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒக்ஸ்போர்ட்டில் கற்ற நாகரிகத் தலைவனாகப் படம் காட்டிய உருவத்துக்கும், அந்நாட்டுப் பெண்களும் பிள்ளைகளும் பின்னர் அனுபவித்தவற்றுக்கும் உள்ள தூரத்தை எந்த நடிப்புத் திறனாலும் மூடிவிட முடியாது. 1995 இல், சோவியத் ஒன்றியம் மறைந்தபின், புறொஸ்னனின் முதற்படத்தில் அவருடைய மேலதிகாரியான பெண்மணி பொண்டைக் கெடுபிடிப்போரின் மிச்சம் என்றும், பெண்களை இழிவாகக் கருதுபவன் என்றும் கண்டிக்கின்றார். கண்டித்துவிட்டு அவனையே பணிக்கு அனுப்புகின்றார். குற்றத்தை ஒப்புக்கொள்வதும் உத்தியோகத்தைத் தொடர்வதற்கான ஒரு வழியாகிவிட்டது.

கிறெய்க்கைப் பற்றிய வாதம் இவை எல்லாவற்றிலும் போதனை மிக்கது. 2005 ஒக்டோபரில் அவருடைய பெயர் அறிவிக்கப்பட்டதும், முடி பொன்னிறமானது, உயரம் போதாது என்று கூறி இரசிகருள் ஒரு சாரார் படத்தைப் பகிஷ்கரிக்கவும் முனைந்தனர். அதே ஆண்டு ஜூலை 22 இல், லண்டன் சுரங்க ரயிலொன்றில், குற்றமற்ற பிரேசில் நாட்டு மின்தொழிலாளி ஒருவரைத் தற்கொலைக் குண்டுதாரியெனத் தவறாகக் கருதிப் பொலிசார் சுட்டுக் கொன்றனர். 2007 இல் பொலிஸ் நிறுவனம் தொழிற் பாதுகாப்புச் சட்டத்தை மீறிய குற்றத்துக்காகத் தண்டம் செலுத்தியது. தனி அதிகாரி எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. கொல்வதற்கான அனுமதிப்பத்திரம் கதைகளில் மாத்திரம் உள்ளதன்று. அதனை வைத்திருப்பவனின் முடி எந்நிறம் என்று வாதிட்ட எத்தனைபேர், அதனை வழங்குபவன் யார், வழங்குவதற்கு அவனுக்கு உரிமை அளித்தது எது என்று வினவினர்? அவசரகாலச் சட்டங்களின் கீழ் வாழ்ந்து பழகிய நமக்கு இவ்வினா அந்நியமானதன்று.

இத்தொடர் முற்றிலும் குருடானது என்று நாம் கூறவில்லை. 2008 இல் வெளிவந்த ‘குவாண்டம் ஒவ் சொலஸ்’, பொலீவியாவின் நிலத்தடி நீரைக் கைப்பற்ற முனையும் வணிகனையும், அவன் தூண்டும் இராணுவச் சதியையும், அதற்கு உடந்தையாகும் அமெரிக்க உளவாளரையும் காட்டுகின்றது. இரசிகர் பலர் இதற்குத் தாழ்ந்த இடமே வழங்குகின்றனர். எழுத்தாளர் வேலைநிறுத்தத்தினால் திரைக்கதை செம்மையுறவில்லை என்பதும், சண்டைக் காட்சிகள் கண்ணைக் குழப்புகின்றன என்பதும் அவர்களுடைய நியாயமான குறைகள். எம்முடைய குறை வேறு. 2000 இல் பொலீவியாவின் கொச்சபாம்பா நகரில், தண்ணீரைத் தனியார் கையினின்று மீட்டவர் தெருவிலிறங்கிய தொழிலாளரும் விவசாயிகளுமே. திரையிலோ அம்மக்கள் வரண்ட குழாயின் கீழ் வாளியுடன் மௌனமாக நிற்கின்றனர். மீட்பவன் லண்டனிலிருந்து வருகின்றான்.

‘இது கற்பனைதானே, எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று சிலர் கேட்கலாம். அதே மண்ணில் அதே காலத்தில் வேறு கற்பனையும் பிறந்தது. தாமே உளவுத்துறையிற் பணியாற்றிய ஜோன் லெ கறே 1963 இல் வெளியிட்ட நாவலும், 1965 இல் றிச்சர்ட் பேர்ட்டன் நடிப்பில் வந்த அதன் திரைவடிவமும், ஒற்றனை மேலதிகாரிகளால் ஏமாற்றப்பட்டுப் பலியாகும் ஊழியனாகக் காட்டின. அதுவும் விறுவிறுப்பான கதையே. ஆதலின் விறுவிறுப்புக்காக உண்மையைப் பலியிடவேண்டும் என்பது கலையின் விதியன்று; சந்தையின் வசதியே. மறுபுறத்தில், பிளெமிங்கின் நாவல்களில் காமமும் கொடுமையும் பகட்டும் மிகுந்துள்ளன என்று 1958 இலேயே போல் ஜோன்சன் என்னும் விமர்சகர் சாடினார். அச்சாடலும் போதாது. ஒழுக்கக் கண்டனம் நாயகனின் படுக்கையறையைப் பார்த்தது. அவனுக்குச் சம்பளம் கொடுப்பவனின் காரியாலயத்தைப் பார்க்கவில்லை.

2021 இல் வந்த படத்தின் இறுதியில் பொண்ட் மாண்டான். அதே படத்தில், அவனுடைய 007 என்ற இலக்கத்தை அவன் மாள்வதற்கு முன்பே கறுப்பினப் பெண் ஒருத்தி வகித்திருந்தாள். மனிதன் மாளலாம், நிறம் மாறலாம், பால் மாறலாம், இலக்கம் மாளாது என்பதைத் தொடரே வாய்விட்டுச் சொல்லிற்று. 2022 இல் அமேசன் நிறுவனம் இப்படங்களுக்கு உரித்துடைய எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கியது, 2025 பெப்ரவரியில், தொடரின் கலைக் கட்டுப்பாடும் அதன் கைக்கு மாறும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்தவர் யார் என்ற ஊகங்களில் இரசிகர் செலவிடும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்நிறுவனத்துக்குக் கூலியின்றிக் கிடைக்கும் விளம்பரம். தீர்ப்பளிக்கும் உரிமையோ இரசிகரிடம் இல்லை.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது யாது? மாணவரைப் பார்த்து, இத்தகைய படங்களைப் பாராதே என்று கூறுவதாற் பயனில்லை. நடிகரை ஒப்பிடும் ஆர்வம் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. ஒப்பீடு என்பது விமர்சனத்தின் முதற்படி. அடுத்த படிக்கு அவர்களைக் கூட்டிச்செல்வதே நம் பணி. கொனறியா கிறெய்க்கா என வாதிடும் மாணவனிடம் மூன்று வினாக்களை நாம் முன்வைக்கலாம். இக்கதை வெளிவந்த ஆண்டில் இதே தொழிலைச் செய்தோர் உலகின் எப்பகுதியில் என்ன செய்துகொண்டிருந்தனர்? இக்கதையில் முதலில் மாள்பவர் எந்நாட்டவர்? இந்நாயகன் தன் மேலதிகாரியின் கட்டளையை மறுத்த இடங்களில், அக்கட்டளைக்குப் பின்னிருந்த அரசின் நோக்கத்தையும் மறுத்தானா? இவற்றுக்கு விடை தேடும் மாணவன் கொனறியின் நடிப்பை இரசிப்பதை நிறுத்திவிடமாட்டான். சப்பாத்தை எடுத்துவருமாறு ஏவப்பட்ட மீனவனின் முகத்தையும் அவன் காணத் தொடங்குவான்.