பாலை ஒரு நிலமா?

நாவல் எழுத உட்காரும்போது நிலத்தை நாடகத் திரைபோல் பின்னால் தொங்கவிட்டுக் கதையைத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். சிலப்பதிகாரத்தை மறுபடி படித்தபோது வெட்கமாக இருந்தது.

காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனிடம் மாங்காட்டு மறையோன் சொல்கிற செய்தி இது: பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையில் இயல்பு கெட்டுக் கொள்ளும் கோலம்தான் அது. நிலத்தையே பருவம் மாற்றுமென்றால் அதில் வாழும் மனிதனை விட்டுவிடுமா?

அடுத்து வரும் வேட்டுவ வரியில் அந்த மனிதரைக் காண்கிறோம். எயினர், வழிப்பறியும் ஆநிரை கவர்தலும் அவர்கள் பிழைப்பு. வெயில்தான் அவர்களைக் கள்வராக்கியது என்று முடித்துவிடலாம். இளங்கோ முடிக்கவில்லை. அண்டை ஊர்களில் மாட்டுப் பட்டிகள் நிறைந்திருக்க, எயினரோ அறத்தார்போல் சினம் அவிந்து அடங்கிவிட்டார்கள் என்று தெய்வமேறிய சாலினி இடித்துரைக்கிறாள். கொற்றவைக்குப் பலிக்கடன் கேட்கிறாள். அவர்களும் அடங்கக் கூடியவர்களே! கோடை பசியைத் தந்தது. அதைக் களவாக நிலைநிறுத்தியவை வழக்கமும் வழிபாடும்.

ஆதி மனிதரின் வாழ்வைத் தட்பவெப்பம் வகுத்தது என்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. மறு பாதியை எழுத வேண்டியவன் கதைக்காரன். நான் இன்னும் எழுதவில்லை.